கசிந்தா

இரட்டைப் பிள்ளைகளுக்கு எங்கள் மக்கள் பெயர் தேடுவதில்லை.
முதலில் வந்தது ஹொஸ்ஸி, சிங்கம்.
அடுத்தது ஜம்பா, யானை.
அவர்களுக்குப் பின் பிறப்பதற்கும் பெயர் தயார்:
கசிந்தா.
நான்.

துளைக்கப்பலில் எனக்கு ராத்திரி ஷிப்ட்.
ஐந்து மீட்டருக்கு ஒரு பிடி
சல்லடையில் வந்து விழும் கல்தூளைக்
கழுவி, உலர்த்தி, கண்ணாடியில் பார்த்து
இன்னதென்று எழுத வேண்டும்.
கீழே ஆயிரத்து நானூறு மீட்டர் தண்ணீர்.
அதற்கும் கீழே நான் படிக்கும் புத்தகம்,
கடைசிப் பக்கத்திலிருந்து.

முதலில் பல நாள் சேறு.
குவான்சா ஆறு மேட்டுநிலத்தைக் கரைத்துத்
தவணை தவணையாகக் கடலுக்குக் கட்டியது.
பிறகு மணல். பிறகு சுண்ணாம்பு.
பிறகு உப்பு.

உப்பு என்று எழுதினேன்.
மறுநாள், மேற்படி.
அதற்கு மறுநாள், மேற்படி.
ஆயிரத்து எழுநூறு மீட்டர் மேற்படி.
யாரும் பார்க்காத நேரத்தில்
ஒரு பரலை நாக்கில் வைத்தேன்.
விதிப்படி குற்றம்.
பதினோரு கோடி வருஷத்துக் கடல்
சமையலறை உப்பைப்போலவேதான் கரித்தது.

பாயா ஃபார்த்தாவில் உப்பளம் வைத்திருக்கும் ஜம்பாவிடம் சொன்னேன்.
ஃபோனில் சிரித்து ஓய அவளுக்கு நேரமானது.
"இதுக்கா அவ்வளவு தோண்டினீங்க?
என்கிட்டக் கேட்டிருந்தா
மூட்டையாவே அனுப்பியிருப்பேனே."

ஃபுன்ஜே கிண்டும்போது
இரண்டு குச்சியால் மாவைத் தூக்கி இழுப்போம்.
நடுவில் மெலியும், தொய்யும்,
அறுவதற்கு முன்பே குழி விழும்.
கண்டமும் வெட்டிக்கொண்டு போய்விடவில்லை.
இரண்டு கோடி வருஷம் இழுபட்டது.
பாறைகள், பாதி காலியான அலமாரியில் புத்தகங்கள்போல
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன.
சாய்ந்த இடுக்குகளில் மழை தேங்கி ஏரியானது.
அந்த ஏரிக்குக் கரை இரண்டு,
இரண்டும் ஒரே ஊர்.
தெற்கே ஒரு வரப்பைத் தாண்டிக் கடல் எட்டிப் பார்த்தது,
வற்றியது, மறுபடி வந்தது, மறுபடி வற்றியது.
பிறகுதான் அறுந்தது.
உப்பில் பாதி பிரேசிலோடு போனது.

ஹொஸ்ஸியும் போனான். சண்டை நடந்த வருஷம், சாந்தோஸ் துறைமுகத்துக்கு.
பெங்கேலா வீட்டை விற்ற பணத்தில் பேச்சு நின்றது.
அவன் ஒரு கணக்கு சொல்வான், அவள் ஒரு கணக்கு.
இரண்டும் என் வழியாகத்தான் போய்வரும்.

பிரிந்த பின்புதான் பெரிய இறக்கம்.
கோபம் ஆறினால் மனுஷர் லேசாவார்களாம்;
தரை ஆறினால் கனக்கிறது.
ஆற ஆற அமிழ்ந்தது,
அமிழ்ந்த இடத்தை ஆறு வந்து தூர்த்தது,
தூர்த்த பாரத்தில் இன்னும் அமிழ்ந்தது.
பாரம் தாங்காத உப்பு
பக்கவாட்டில் நழுவிக் கூம்பாய் எழுந்தது.
எத்தனை கொட்டினாலும்
இடமிருக்கிறது என்கிற படுகை.
மூன்றாவதாகப் பிறந்தவளுக்கு இது புரியும்.

உப்பைத் தாண்டினோம்.
ஏரிச் சுண்ணாம்பு, துளை துளையாக, அழகாக.
எவரிஸ்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.
எண்ணெய் கசிந்திருந்தால்
புற ஊதா விளக்கில் மஞ்சளாய் மினுங்கும்.
விளக்கைப் பிடித்தேன். இருட்டு.
இன்னொரு தட்டு. இருட்டு.
தண்ணீர் என்று எழுதினேன்.
"மூடிடலாம்," என்றார். காப்பி எடுக்கப் போனார்.

கடைசித் தட்டில் இரண்டு சிப்பிப் பூச்சி,
எள்ளில் பாதி அளவு.
உப்புக்கு முந்திய ஏரியில் நீந்தியவை.
இதே இனம் அந்தக் கரைக் கிணறுகளிலும் கிடைக்கிறது.
படமெடுத்து
இருவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன்.

ஜம்பா உடனே: "என்னடி இது, பேனா?"

சாந்தோஸில் அப்போது இரவு பதினொன்று.
எழுதுகிறான் என்று காட்டியது.
நின்றது.
மறுபடி எழுதுகிறான் என்று காட்டியது.
குழாயில் சிமெண்ட் இறங்கத் தொடங்கியிருந்தது.
நேரத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டேன்.